நடுவர் நாற்காலியில் வக்கீல்

டென்னிஸில் மிகக் கடினமானது சர்வீஸ் போடுவது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இந்தப் பிழையை உடனே திருத்தியாக வேண்டும். ஆட்டக்காரராக இருந்து, பயிற்சியாளராகி, கடைசியில் டென்னிஸ் சங்கத்தின் செயலாளராகவும் ஆகிவிட்டவருக்குத்தான் உண்மை தெரியும். மிகக் கடினமானது, வேலிக்கு வெளியே நிற்கும் அப்பா.

அதிலும் வக்கீலாக இருக்கிற அப்பா.

மகள் அடித்த பந்து எங்கே விழுந்தாலும் வக்கீலுக்கு அது உள்ளே. "அம்பயர்! கண்ணை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று கத்துவார். இருந்த நடுவர்கள் எல்லாரும் இனி வரமாட்டோம் என்று பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டார்கள்.

இறுதிப் போட்டியன்று மகள் செயலாளரின் அறைக்கு வந்தாள்.

"சார், இன்னிக்கும் அப்பா கத்தினார்னா இதான் என் கடைசி ஆட்டம். ராக்கெட்டை யாருக்காவது கொடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன்."

"அவரை உள்ளேயே விடாம நிறுத்திடவாம்மா?"

"வேலிக்கு அந்தப் பக்கம் ரோடு சார். அங்கே நின்னு கத்துவார்."

செயலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு எழுந்து நேராக வக்கீலிடம் போனார்.

"சார், நடுவர் யாரும் கிடைக்கலை. நீங்கதான் நாற்காலியில ஏறணும்."

"நானா? ஆடுறது என் பொண்ணாச்சே?"

"இருந்தா என்ன? நியாயம் பேசுறதுல உங்களை மிஞ்ச இங்கே ஆள் இல்லையே. ஒண்ணே ஒண்ணு, நடுவர் ஸ்கோரைத் தவிர வேற எதுவும் பேசக் கூடாது. விதி."

எதிர்த்து ஆடும் பெண்ணின் அம்மா ஒரு டாக்டர். கொதித்தெழுந்துவிட்டார். "இது என்ன சார் அக்கிரமம்? பேசாம கோப்பையை அவங்க வீட்டுக்கே அனுப்பிடுங்களேன்!"

ஆட்டம் தொடங்கியது. மகள் அடித்த ஒரு பந்து கோட்டைத் தொட்டது. கோட்டைத் தொட்டாலே உள்ளே என்பதுதான் கணக்கு. கூட்டம் மொத்தமும் அண்ணாந்து வக்கீலைப் பார்த்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவுட்!"

கைதட்டல் எழுந்தது. பலமாகத் தட்டியவர் டாக்டரம்மா. நீதிமன்றத்தில் வக்கீலுக்கு யாரும் கைதட்டியதில்லை. ருசி கண்டுவிட்டார். அதன் பிறகு மகளின் பந்து கோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாலே அவுட்.

"அப்பா!"

"அப்பா இல்லை. அம்பயர்."

அப்படியும் அவள் விடவில்லை. ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. அவள் அடித்த கடைசிப் பந்து கோட்டின் மேலேயே விழுந்து சுண்ணாம்புத் தூள் பறந்ததைச் செயலாளர் பார்த்தார்.

"அவுட்!" என்றார் வக்கீல். மகள் தோற்றாள். நாற்காலியின் தீர்ப்பை மாற்றும் அதிகாரம் செயலாளருக்கு இல்லை.

"இப்படி ஒரு நேர்மையான மனுஷரை எங்கே சார் பிடிச்சீங்க?" என்றார் டாக்டரம்மா.

செயலாளருக்கு நெஞ்சு குறுகுறுத்தது. மகளிடம் போனார்.

"அந்தப் பந்து உள்ளேதாம்மா. நீ தோத்ததுக்கு நான்தான் காரணம்."

அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"தெரியும் சார். ஆனா அப்பா ஒரு வார்த்தைகூடக் கத்தலை, கவனிச்சீங்களா? இன்னிக்குத்தான் முழு ஆட்டத்தையும் நானே ஆடினேன். அடுத்த மாசமும் அவரையே போட்டுடுங்க. நான் பந்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டுக்கிறேன்."

மறுநாள் காலை சங்க அலுவலகத்துக்கு வக்கீல் வந்தார். ராத்திரி தூங்காத முகம்.

"சார், அந்தக் கடைசிப் பந்து உள்ளேதான் விழுந்துச்சு. பக்கத்துல இருந்து என் கண்ணால பார்த்தேன். நேத்து இருந்த அம்பயர் மேல புகார் கொடுக்கணும்."

செயலாளர் புகாரை வாங்கிக்கொண்டார். அடுத்த மாதப் போட்டிக்கும் அதே நடுவரைத்தான் போட்டிருக்கிறார்.