எவர்சில்வர் குழல்

படிவத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் மட்டும் குறி போட வேண்டும்.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் கால்மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறாள்.

குரோம்-மாலி. ஸ்டெயின்லெஸ்.

அவளுடைய ரைபிளின் பழைய குழல் தேய்ந்துவிட்டது. இலக்கு அட்டையில் பத்தாம் வளையத்தில் விழுந்த குண்டுகள் எட்டுக்கும் ஏழுக்கும் நழுவத் தொடங்கிவிட்டன. உறுப்பினர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ரைபிள் கிளப் வெளிநாட்டிலிருந்து புதுக் குழல் வரவழைக்கிறது. எது வேண்டும் என்று இன்று மாலைக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். செயலாளர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

எது மேல் என்று கேட்டால் கிளப்பில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அடிதடி ஒன்றுதான் பாக்கி. ஐம்பது மீட்டரில் அவள் சுடுவதற்கு இரண்டும் ஒன்றுதான். அது அவளுக்கே தெரியும்.

அவளுடைய கவலை வேறு.

குரோம்-மாலி கறுப்பு உருக்கு. எண்ணெய் காணாவிட்டால் துருப்பிடிக்கும். தூத்துக்குடிக் கடற்காற்றில் ஒரு நாள் மறந்தாலே போதும். பதினொரு வருடத்தில் ஒரு நாளும் மறந்ததில்லை. மறக்க அவர் விட்டதில்லை.

அவர் என்றால் கஸ்பார், அவள் கணவர். பட்டாளத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். சாயங்காலம் ஆனால் அவளுடைய ரைபிளை மடியில் கிடத்திக்கொள்வார். பழைய பனியன் துணி, இரண்டு சொட்டு எண்ணெய். பின்னாலிருந்து முன்னோக்கித்தான் துடைக்க வேண்டும். மாற்றித் துடைத்தால் அவர் கணக்கில் அது பாவம்.

ஸ்டெயின்லெஸ் என்றால் அவருக்கு இளக்காரம்.

"துப்பாக்கி வாங்குதியா, எவர்சில்வர் கடைக்குப் போறியா?" என்பார். துடைக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கான உருக்கு அது என்பது அவர் கட்சி.

போன மாசியில் அவருக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். ஏழு முறை ஏற்றியாயிற்று. மீன் வாங்கப் போவது நின்றது. மோட்டார் சைக்கிள் நின்றது. சட்டைப் பொத்தான் போடுவதற்கே அவள் வேண்டும்.

சாயங்காலத் துடைப்பு மட்டும் நிற்கவில்லை.

அந்த அரைமணி நேரம் அவர் நோயாளி இல்லை.

சித்திரையில் ஒரு காலை பெட்டியைத் திறந்தாள். குழலில் பழுப்பாக மூன்று விரல் தடம். நடுவிரலின் ரேகைகூடத் தெளிவாக இருந்தது.

மருந்து அவருடைய வியர்வையை மாற்றிவிட்டது. துடைத்து முடித்து, தூக்கிப் பெட்டியில் வைப்பதற்காகப் பிடித்த இடம், விடிவதற்குள் துருவாகியிருந்தது.

துருக்கை.

பட்டறைகளில் அப்படித்தான் சொல்வார்கள். சிலருக்குக் கைவாகு அப்படி, தொட்ட இரும்பெல்லாம் துரு. கஸ்பாரின் பிரிவிலும் அப்படி ஒருவன் இருந்தான். நல்ல வேலைக்காரன். இனி ஒரு துப்பாக்கியையும் தொடாதே என்று அவனைச் சமையல்கட்டுக்கு அனுப்பியது கஸ்பார்தான். அந்தக் கதையைச் சொல்லி எத்தனையோ கல்யாண வீடுகளைச் சிரிக்க வைத்திருக்கிறார்.

தன் கையும் அப்படி ஆகிவிட்டது என்று தெரிந்தால், அன்றோடு துணியைக் கீழே வைத்துவிடுவார். அதன்பிறகு அந்த மனிதருக்கு என்ன மிச்சம் இருக்கும்?

பருத்திக் கையுறை வாங்கி வைத்துப் பார்த்தாள். நான் என்ன ஆபரேஷனா பண்ணப் போறேன் என்று தூக்கிப் போட்டார். அதற்குமேல் காரணம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அதனால் அவர் விழிக்கும் முன்பே அவள் எழுந்துகொள்கிறாள். மெல்லிய ஸ்டீல் பஞ்சு, கொஞ்சம் எண்ணெய். தடம் போகும்வரை சத்தமில்லாமல் தேய்க்கிறாள். குழலின் கறுப்பு அங்கங்கே வெளுத்துவிட்டது. கேட்டால், பழசாகிவிட்டது என்று சொல்ல வைத்திருக்கிறாள். அவர் இதுவரை கேட்கவில்லை.

குரோம்-மாலி வாங்கினால் புதுக் குழலிலும் அதே விரல்கள். புதுசு வெளுத்தால் எதைச் சொல்லி மறைப்பது?

ஸ்டெயின்லெஸ் வாங்கினால் விரல் பதியாது. ஆனால் அதற்குத் தினமும் எண்ணெய் வேண்டாம். துணி வேண்டாம். நீயும் வேண்டாம் என்று அந்தக் குழல் அவர் முகத்துக்கு நேரே சொல்லும்.

மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

நாலரை மணிக்கு ஸ்டெயின்லெஸ் கட்டத்தில் குறி போட்டாள்.

கை கெட்டுவிட்டது என்று தெரிவதைவிட, வேலை இல்லை என்று தெரிவது கொஞ்சம் சின்ன அடி. அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டாள். தேறவில்லை. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

படிவத்தை அவரிடம் கொண்டுபோய் நீட்டினாள். அவரிடம் காட்டாமல் அந்த ரைபிளுக்கு ஒரு திருகாணிகூட வாங்கியதில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

எவர்சில்வர் கிண்டலுக்காக அவள் காத்து நின்றாள். அது வரவில்லை.

"ஏளா எமல்டா, நல்லதுதான் போட்டிருக்க. ஆனா இதையும் துடைக்கணும், கேட்டியா? தினமும் துடைக்கணும்."

அப்படி ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ஆமா," என்றாள். "தினமும் துடைக்கணும்."

அவர் படிவத்தை மடித்தார். அவள் கையில் வைத்தார். கையை உடனே விடவில்லை.

"சாயங்காலம் நான் துடைச்சாப் போதும். விடியக்காலையில நீ எந்திரிக்க வேண்டாம்."