வாங்கிப் போடுகிறவர்

"நோய் வந்தா காசு கொடுக்கறதுக்குப் பேருதான் காப்பீடு. இங்க நோயே வரலை. எதுக்கும்மா என்னை வரச் சொல்லி உயிரை எடுக்கறீங்க?"

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார் லிஃப்ட் மெக்கானிக்.

ஆரம்பிக்காமல் என்ன செய்வார்? அரசுக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஒரு வாரமாக விடாமல் போன். லிஃப்ட் குழிக்குள் கிரீஸ் கையோடு நிற்கும்போதுதான் சரியாக அடிக்கும். 'உங்கள் மகளின் எடை ஆலோசனைக்கு நீங்களும் வரவேண்டும்.' அரை நாள் லீவு கேட்டதற்கு மேனேஜர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். அடித்துப் பிடித்து ஓடி வந்தால், ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு மணி நேரக் காத்திருப்பு.

இத்தனைக்கும் காரணமானவள் பக்கத்து நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பத்து வயது. யூனிஃபார்ம் பாவாடையின் கொக்கியை அம்மா மறுபடியும் தள்ளித் தைத்திருந்தாள்.

உணவு ஆலோசகர் சின்னப் பெண். இந்த மாதிரி அப்பாக்களை நிறையப் பார்த்தவள் போல, கோபமே படவில்லை.

"போன தடவை உங்க மனைவி வந்தாங்க சார். சமையல் அவங்க, கடைக்குப் போறது நீங்கன்னு சொன்னாங்க. சமைக்கறவங்களும் வரணும், வாங்கிப் போடறவங்களும் வரணும். அதுதான் இந்தத் திட்டம். குழந்தையை மட்டும் உக்கார வெச்சு, அதைத் தின்னாதே இதைத் தின்னாதேன்னா ஒண்ணும் நடக்காது."

"தின்றது அவ. பாடம் எனக்கா? நல்லா இருக்கு நியாயம்!"

ஆலோசகர் சிரித்தாள். அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரி, இவளுக்கு என்னதான் வியாதி? அதையாவது சொல்லுங்க."

"வியாதி இல்லை சார். ஆனா ரத்தத்துல சர்க்கரை கோட்டுக்குக் கிட்ட வந்து நிக்குது. கோட்டைத் தாண்டிட்டா அப்புறம் மாத்திரை, ஊசின்னு ஆயுசு முழுக்க இதே காப்பீடுதான் கொடுத்தாகணும். அதுக்குப் பதிலா இப்பவே இந்த ஆலோசனைக்கும், இவ நீச்சல் கத்துக்கறதுக்கும் கொடுத்துடறோம். உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை."

"என் அரை நாள் சம்பளத்தை யார் கொடுப்பா?"

ஆலோசகர் அடுத்த கேள்விக்குப் போனாள்.

"வீட்டுல வேற யாருக்காவது சர்க்கரை இருக்கா?"

"எனக்குத்தான். மாத்திரை போட்டுக்கறேன். வாயைக் கட்டித்தான் வெச்சிருக்கேன்."

"பிஸ்கெட், சாக்லேட் எல்லாம் வாங்கறதுண்டா?"

"பேச்சுக்கே இடமில்லை! எங்க வீட்டு டப்பாவை எல்லாம் திறந்து பாருங்க. ஒரு துண்டு பிஸ்கெட் இருந்தா என்னை ஏன்னு கேளுங்க."

அதில் பொய்யில்லை. டப்பாவில் எதுவும் இல்லைதான்.

ஆலோசகர் மகளிடம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. சாப்பாட்டுக்கு நடுவுல வேற என்ன சாப்பிடுவே?"

சிறுமி அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு தன் ஷூவைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லை."

"பார்த்தீங்களா? அடிச்சுக் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டா. அழுத்தக்காரி. ஸ்கூல்ல எவகிட்டயோ வாங்கித் தின்றா. நீங்க அங்க போய் விசாரிங்க!"

வெளியே வந்தால் ஆஸ்பத்திரி லிஃப்ட் வேலை செய்யவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படியில் இறங்கினார். பின்னால் மகள் மூச்சு வாங்க இறங்கி வந்தாள். பாதிப் படியில் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"நில்லு. என் மானத்தை வாங்கினது போதும். யார் கொடுக்கறா உனக்கு?"

"யாரும் கொடுக்கலைப்பா."

"பின்னே காத்தைக் குடிச்சா இப்படி ஊதிட்டே?"

அவள் படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அலமாரி மேல... உங்க பழைய ஹெல்மெட்டுக்குள்ள இருக்கறதைத்தான்."

அவருக்குச் சுருக்கென்றது. மனைவிக்குத் தெரியாமல் வாங்கி ஒளித்து வைக்கும் க்ரீம் பிஸ்கெட்டும் சாக்லேட்டும்! வைத்தது வைத்தபடி இருப்பதில்லை. தான்தான் கணக்குத் தெரியாமல் தின்று தீர்க்கிறோம் என்று நினைத்து, கொஞ்ச நாளாக ரெட்டிப்பாக வாங்கிக்கொண்டிருந்தார்.

மாட்டிக்கொண்ட வெட்கத்தில் குரல் இன்னும் உயர்ந்தது.

"திருட்டுத்தனம் வேறயா? பசிச்சா வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதானே?"

"பசிக்கலைப்பா. அந்த க்ரீமே எனக்குக் குமட்டும். குப்பையில போட்டா அம்மா பார்த்துடுவா. உங்களுக்குத் திட்டு விழும். அதான் தின்னுட்டேன்."

"குமட்டறதை எடுத்துத் தின்னணும்னு உனக்கு என்னடி தலையெழுத்து? ஹெல்மெட்லயே விட்டுட வேண்டியதுதானே?"

சிறுமி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க தின்னா உங்க காலையே எடுக்க வேண்டி வரும்னு அன்னைக்கு டாக்டர் சொன்னாரே... நான் தின்னா எனக்கு எடை மட்டும்தானேப்பா ஏறும்?"