வீடு பார்க்க வந்தவர்கள்

"இஞ்சாருங்கோ, கேற்றடியிலை ஆரோ நிக்கினம். போய்ப் பாருங்கோ, என்ரை கையெல்லாம் மீன்."

குசினியிலிருந்து பெர்னடெட் கத்திக் களைத்துப்போனாள். புருசன் லெனாட்டுக்கு அது எங்கே கேட்கப்போகிறது? காதில் ஹெட்போன் ஏறிவிட்டால் கோயில் மணியைப் பக்கத்தில் நின்று அடித்தாலும் அவன் திரும்பமாட்டான்.

வயது நாற்பத்தைந்து. அவன் விளையாடும் கம்ப்யூட்டர் விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்ததிலிருந்து கந்தோருக்கு லீவு. அந்தப் பாகம் எப்போது வரும், எப்போது வரும் என்று வருசக்கணக்காகத் தவம் கிடந்தான். வந்தது. அன்றோடு இருந்த நிம்மதியும் போனது. இருப்பான், எழும்புவான், ஜன்னலடிக்குப் போவான், திரும்பி வந்து இருப்பான்.

"கடலைப் பாரடா, என்ன வடிவு! மழை பெஞ்சால் றோட்டிலை தண்ணி ஓடுது. ஆனா..." என்று பருத்தித்துறையிலிருந்து கூடவே விளையாடும் சிநேகிதன் பிரகலாதனிடம் ஹெட்போனில் அந்த விளையாட்டைப் பற்றித் தொடங்குவான். அந்த 'ஆனா'வுக்குப் பிறகுதான் ஒப்பாரி.

விசயம் இதுதான். அந்த விளையாட்டில் ஒரு நகரம் முழுக்க மனம்போனபடி திரியலாம், வீடும் வாங்கலாம். முதலாம் பாகத்தில் துறைமுகத்துக்கு மேலே லெனாட்டுக்கு ஒரு வீடு இருந்தது. பத்து வருசமாகப் பார்த்துப் பார்த்துச் சோடித்த வீடு. இரண்டாம் பாகத்திலும் அதே நகரம், அதே வீடு. ஆனால் உள்ளே வேறு யாரோ குடியிருக்கிறார்கள். லெனாட் வாசலை மிதித்தால் காவல்காரன் வந்து கலைக்கிறான்.

பெர்னடெட் வந்து முழங்கையால் ஒரு இடி இடித்தாள். அவன் முணுமுணுத்துக்கொண்டு கேற்றடிக்குப் போனான்.

வெளியே ஒரு முஸ்லிம் பெண் தனியாக நின்றாள். அறுபது வயது சொல்லலாம்.

"தம்பி, வீடு பாக்க வந்தனான்."

"வீடு விக்கிறதுக்கில்லை. ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"வாங்க வரேல்லைத் தம்பி. சும்மா பாக்கத்தான். நான் றஷீதா, அபூபக்கரின்ரை மகள். தொண்ணூறிலை இயக்கம் முஸ்லிம் சனத்தையெல்லாம் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொல்லுமட்டும் இந்த வீட்டிலைதான் இருந்தனாங்கள். இப்ப புத்தளத்திலையிருந்து ஒரு கலியாணத்துக்கு வந்தனான். நாளைக்குத் திரும்பிப் போயிடுவன்."

லெனாட்டின் முகம் இறுகியது.

"உங்கடை வாப்பா எங்கடை அப்பாவுக்கு வித்த வீடு. காணி உறுதி கிடக்கு."

"ஓம் தம்பி, ஆர் இல்லையெண்டது? ஒருக்கா உள்ளுக்கை வந்து பாத்திட்டு... இனி வரக் கிடைக்குமோ தெரியாது."

"இப்ப ஏலாதம்மா. வேலையா இருக்கிறன்."

கேற்றைச் சாத்திவிட்டு வந்தவனைப் பெர்னடெட் மறித்தாள். "ஒரு வாய் தண்ணியெண்டாலும் குடுத்து அனுப்பியிருக்கலாமே?"

"உனக்கு உது விளங்காது. இண்டைக்குப் பாக்கவெண்டு வருவினம், நாளைக்குக் கேக்கவெண்டு வருவினம்."

ஹெட்போன் திரும்பவும் காதில் ஏறியது.

பெர்னடெட்டுக்கு மனம் கேட்கவில்லை. கையை அலம்பிவிட்டுப் பின்பக்கத்தால் ஓடினாள். றஷீதா இன்னும் போகவில்லை. ஒழுங்கை மூலையில் நின்று மதிலுக்கு மேலால் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, பின்னாலை வாங்கோ. அவருக்கு ஒண்டும் கேக்காது."

றஷீதா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கிணற்றுக் கட்டைத் தொட்டாள். குசினிச் சுவரைத் தடவினாள். "இதிலைதான் உம்மா குந்தியிருந்து ரொட்டி சுடுறவ" என்று மெல்லச் சொன்னாள். பெர்னடெட் ஒரு தம்ளர் தேத்தண்ணி கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு அவள் கடைசி அறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"உந்த அறை என்ரை. நானும் தங்கச்சியும் படுக்கிறது."

அந்த அறையில்தான் லெனாட். கதவு அரைவாசி சாத்தியிருந்தது. இடைவெளியில் தெரிந்தது அவனுடைய முதுகு மட்டும். பெர்னடெட் அவளைத் தடுக்க முதல் உள்ளேயிருந்து சத்தம் வெடித்தது.

"பத்து வருசம் இருந்த வீடடா! ஒவ்வொரு சுவரும் எனக்குத் தெரியும். இப்ப ஆரோ உள்ளுக்கை இருந்துகொண்டு என்னை வாசல்லை வைச்சுக் கலைக்கிறாங்கள். நான் என்ன, பறிக்கவே போறன்? இருக்கிறவன் இருக்கட்டும். ஒருக்கா உள்ளுக்கை போய்ப் பாக்க விட்டால் என்னடா குறைஞ்சு போகும்? மனிசத்தன்மை இல்லாத சனம்!"

குரல் தழுதழுத்தது. உண்மையாகவே தழுதழுத்தது.

பெர்னடெட்டுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. என்ன சொல்லிச் சமாளிப்பது? றஷீதாவை நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது. ஒருமாதிரிப் பின்வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்தாள்.

அங்கே செருப்பைக் கீழே போட்டுவிட்டு றஷீதா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது.

"பாவம் தம்பி. அதுதான் என்னைக் கண்டோடனை மனம் குழம்பிப்போச்சுது. நானும் ஒண்டும் தெரியாமல் கதைச்சுப்போட்டன். எங்கை பிள்ளை அவரின்ரை வீடு, மயிலிட்டிப் பக்கமோ? ஆமி பிடிச்சு வைச்சிருக்கிற வீடுகளை இன்னும் விடேல்லையோ?"

பெர்னடெட் வாயைத் திறந்தாள். அதற்குள் றஷீதா செருப்பைக் காலில் மாட்டினாள்.

"அழவேண்டாமெண்டு சொல்லுங்கோ. நான் அவருக்காகத் துவா செய்யிறன். என்னை நீங்கள் விட்டமாதிரி, அவரையும் ஆரெண்டாலும் ஒருநாளைக்கு உள்ளுக்கை விடுவினம்."