முட்டிப்பட்டை

மோக்கா ஊர் அரங்கமே தம்போரா மேளத்தைத் தட்டி "நொண்டி! நொண்டி!" என்று கத்துகிறது. முழங்கால் போய்விட்டதென்று போன வருஷம் இதே சொந்த ஊர் அணி கழற்றிவிட்ட யெர்மின், இன்று எதிரணிச் சட்டையில் கூடைப்பந்து வளையத்துக்கு எதிரே நிற்கிறான். ஆட்டம் சமநிலையில், கடைசி நொடிகளில். மோக்கா அணி செய்த தவறுக்காக, யாரும் தடுக்க முடியாத இரண்டு தனி வீச்சுகள் அவனுக்கு. தகரக் கூரையின் வெக்கையில் வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது. முட்டி வலிக்கத்தான் செய்கிறது. அதை இவர்களிடம் சொல்வானேன். அன்று அவனைக் கழற்றிவிட்ட பயிற்சியாளர் ரூபியோ கோட்டோரம் வந்து, "முட்டி தாங்குமாடா?" என்று சிரிக்கிறார். யெர்மின் குனிந்து முட்டிப்பட்டையை உரித்து அவர் காலடியில் எறிகிறான். "நீங்க வச்சுக்குங்க கோச். இப்ப உங்க கால்தான் நடுங்கப்போகுது." பந்து வளையத்தைத் தொடாமல் வலைக்குள் இறங்குகிறது. மேளம் நிற்கிறது, ரூபியோவின் சிரிப்பும்தான். யெர்மின் நடுவரிடம் கை நீட்டுகிறான். "அடுத்ததக் குடுங்க."