நடு சீட்டு ஆள்

சுமோவின் ஸ்டியரிங்கில் டிரைவர் சோலைமுத்து. நடு சீட்டின் வலது ஓரத்தில் வண்டிகளின் சொந்தக்காரர் முகமது பாரூக். இடது ஓரத்தில் இன்னொரு டிரைவர் பிரபு. இருவருக்கும் இடையில், மடியில் அளவு நாடாவோடு, பத்திர எழுத்தர் ராயப்பராஜ். வண்டி பேகம்பூர் ஷெட்டை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை.

"தாராளமா இருக்குல்ல சார்? கால நீட்டி உக்காரலாம். கொடைக்கானல் போயிட்டு வந்தாக்கூட இடுப்பு வலிக்காது" என்றார் பாரூக்.

"அதான் பாய் எனக்கு ஒத்து வராது. இம்புட்டு இடம் இருந்தா நடுவுல இருக்கறவன் எந்திரிச்சிருவான்."

சோலைமுத்து கண்ணாடி வழியாக முதலாளியைப் பார்த்தான். முதலாளி பார்வையை வெளியே திருப்பிக்கொண்டார்.

ராயப்பராஜ் நாடாவை விரித்தார். முட்டிக்கும் முன் சீட்டுக்கும் ஒன்பது அங்குலம். தோளுக்கு இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. பத்திரத்தில் நான்கெல்லை எழுதுகிற அதே கவனத்தோடு நோட்டில் குறித்துக்கொண்டார்.

அடுத்தது குவாலிஸ். அதே நாலு பேர், அதே நடு சீட்டு. ஸ்டியரிங்குக்குப் பிரபு போனான். அவன் இடத்தில் சோலைமுத்து ஏறினான். மெத்தை புதைந்து கொடுத்தது. தோளோடு தோள் உரசியது.

"சோலைமுத்து அண்ணன் ஏறினா எந்த வண்டியும் சின்ன வண்டிதான்" என்றான் பிரபு.

"ஏலே, நீ ரோட்டப் பாருலே."

"வண்டியே ஓடல, எந்த ரோட்டப் பாக்க?"

ராயப்பராஜ் சிரிக்கவில்லை. "இது சரியா இருக்கு. ரெண்டு பக்கமும் ஆள் நெருக்கிட்டா அசைய முடியாது."

"அந்த ஆளு குண்டா, ஒல்லியா சார்?" என்று கேட்டான் சோலைமுத்து.

"என் உயரம், என் உடம்பு. எனக்கு இடிச்சா மேற்படியானுக்கும் இடிக்கும்."

முப்பது வருடமாகப் பத்திரம் எழுதுகிறவர். பேச்சிலும் ஒரு ஆளை 'மேற்படியான்' என்றே சொல்லிப் பழகியிருந்தார்.

"கதவு உள்ளேர்ந்து திறக்காம இருக்க வழி இருக்கா?"

"ஓரத்துல பொடி லாக் ஒண்ணு இருக்கு சார். சின்னப் புள்ளைங்க வந்தா போடுறது." பிரபு இறங்கிப் போய் அதைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

ராயப்பராஜ் சோலைமுத்துவைத் தாண்டிக் கையை நீட்டிக் கைப்பிடியை இழுத்தார். முழு பலத்தோடு, இரண்டு முறை. கதவு திறக்கவில்லை. அன்று காலையில் முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது.

பாரூக் ராயப்பராஜின் பக்கம் திரும்பினார். "சார், கடத்தல் கிடத்தல் ஒண்ணும் இல்லையே? நான் புள்ளகுட்டிக்காரன்."

"மேற்படியான் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சுதான் நடக்குது. ரெண்டு ஓரத்துலயும் அவ கூடப்பொறந்தவங்க உக்காருவாங்க. மதுரைக்கு அந்தப் பக்கம் இருபது மைல்ல ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கி விட்டாப் போதும். உள்ள போனா நாப்பது நாளைக்கு வெளிய வர முடியாது."

"வர முடியாதுன்னா?"

"முதல் தடவ கார்ல போனப்ப கதவத் திறந்து குதிச்சுட்டான். அடுத்த தடவ பஸ்ல. ஒண்ணுக்குப் போறேன்னு கொடைரோட்டுல இறங்கி, ஓடிட்டான். இதையும் தப்பிச்சா அவ புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போயிருவா. அம்புட்டுதான், அந்தக் குடும்பம் முடிஞ்சுது."

பாரூக் தன் பக்கக் கதவைத் திறந்து இறங்கினார்.

ஷெட் மேசையில் உட்கார்ந்து ராயப்பராஜ் ஒரு வெள்ளைத்தாளை மடித்து ஓரம் பிரித்தார். தபால் கவரில் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட், ஆண்டனிராஜ் என்று விலாசம் எழுதினார். "மேற்படியானோட மச்சான்."

"போன் போட்டுச் சொல்லிறலாமே சார்?"

"போன்ல சொன்னத சாயங்காலமே இல்லன்னு சொல்லிறலாம் பாய். எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா மாத்த முடியாது."

எழுதுவதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார். "சனிக்கிழமை காலை ஏழு மணி. வண்டி குவாலிஸ். மேற்படியான் நடு சீட்டில். வழியில் அழுவான். மாதா மேல் சத்தியம் செய்வான். உங்கள் கையைக் கடித்தாலும் வண்டியை நிறுத்த வேண்டாம்."

பாரூக் மேசைமேல் குனிந்தார். வரி பிசகாத அந்தக் கடிதத்தில் கையெழுத்து மட்டும் கோணிக்கொண்டு போனதை அவர் பார்த்தார்.

ராயப்பராஜ் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். பத்தாக இரண்டு நிமிடம். அவசரமாகத் தாளைக் கவரில் போட்டு ஒட்டி, கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தித் தேய்த்து நீட்டினார்.

"நீங்களே போட்டுருங்க பாய்."

ஷெட் வாசலிலேயே தபால் பெட்டி. பாரூக் கவரை அதன் வாயில் நுழைத்தார். ஆனால் பிடியை விடவில்லை. "பேரச் சொல்லுங்க சார். ஆள் யாருன்னு தெரியாம நான் போட மாட்டேன்."

எதிர்ச்சாரியில் மதுக்கடையின் ஷட்டர் கடகடவென்று மேலே ஏறியது. ராயப்பராஜ் ஷெட்டின் கம்பிக் கதவை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். கம்பி அதிர்ந்தது.

"முதல்ல போடுங்க பாய்!"

அந்தக் குரலில் திடுக்கிட்டு பாரூக் விட்டுவிட்டார். பெட்டியின் அடியில் கவர் விழுகிற சத்தம் கேட்டது.

"சாயங்காலம் நானே வந்து வண்டி வேணாம்னு சொல்லுவேன், கால்ல விழுவேன். கேட்டுறாதீங்க" என்றார் ராயப்பராஜ், கடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நடு சீட்டு எனக்குத்தான் பாய்."