பெட்டிக்குப் பின்னால்

அவன் மனைவி, சுற்றிலும் படம் காட்டும் வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுழல் நாற்காலியில் உட்கார்ந்ததும், மாப்பிள்ளை தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டான்.

மாப்பிள்ளை என்பது பட்டப்பெயர். கடலுக்குள் குதிக்கும்போதுகூடச் சீவிச் சிங்காரித்துக்கொண்டு வருவான் என்பதால் மற்ற டைவர்கள் வைத்தது.

கண்ணாடிக்குள் அவள் இப்போது பதினெட்டு மீட்டர் ஆழத்தில் இருக்கிறாள். ஊருக்கே இன்டர்நெட் கொண்டுவரும் கேபிள்கள் மணலுக்கடியில் புதைந்து வந்து சேரும் இடம். அங்கே ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. யார் கண்ணிலும் படாத இந்தச் சமாச்சாரத்தை எல்லோருக்கும் விளக்கத்தான் கம்பெனி படம் எடுத்திருந்தது. எந்தப் பக்கம் தலையைத் திருப்பினாலும் அந்தப் பக்கத்துக் கடல் தெரியும்.

பெட்டியைத் தட்டிக் காட்டுவது மாப்பிள்ளை. கேபிளைத் தடவிக் காட்டுவது மாப்பிள்ளை. அந்தப் பெட்டியின் இருபத்து நான்கு போல்ட்டுகளையும் பதினோரு வருடமாக முடுக்கிவருவது அவள் கணவனான அவன். எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்பதிலேயே மாப்பிள்ளைக்குச் சந்தேகம் உண்டு.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க அவன் மெனக்கெடவில்லை.

படம் எடுத்த அன்று அவனும் கீழேதான் இருந்தான். கேமராவை மணலில் நிறுத்தியது அவன். மாப்பிள்ளையின் காற்றுக்குழாயைச் சரிபார்த்துவிட்டதும் அவன்தான். அதெல்லாம் முடிந்ததும் டைரக்டர் மேடம் சொல்லிவைத்திருந்தபடி ஒளிந்துகொண்டான். சுற்றிலும் பார்க்கிற கேமராவுக்கு முதுகுப்பக்கம் என்று ஒன்று கிடையாது. பெட்டிக்குப் பின்னால் ஆறு நிமிடம், கண்ணாமூச்சி ஆடுகிற பிள்ளை மாதிரிக் குந்தியிருந்தான்.

அப்படியும் அவன் கால் துடுப்பின் நுனி படத்தில் விழுந்துவிட்டதாம். மேடம் அதைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டாள்.

இன்று ஊழியர்களின் குடும்பங்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். நாளைக்குப் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. மேடம் நோட்டும் பேனாவுமாகச் சுற்றிச் சுற்றி வந்தாள். கண்ணாடியைக் கழற்றுகிற ஒவ்வொருவரிடமும், கண்ணை உறுத்துகிற மாதிரி ஏதாவது தெரிந்ததா என்று கேட்டாள். தெரிந்தால் சாயங்காலத்துக்குள் அதையும் அழித்துவிடுவாளாம்.

கல்யாணமாகிப் பதினான்கு வருடம். அவன் வேலை பார்க்கும் இடத்தை அவள் பார்த்ததே இல்லை. இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள், அதிலும் மாப்பிள்ளையைப் பார்க்கிறாள்.

அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. முகம் பெட்டி இருக்கும் பக்கமே நின்றுவிட்டது. இந்நேரம் மாப்பிள்ளை பெட்டிமேல் சாய்ந்து போஸ் கொடுத்துக்கொண்டிருப்பான் என்று அவன் கணக்குப் போட்டான்.

திடீரென்று அவள் கையை நீட்டினாள். உள்ளங்கையை விரித்து, எதன்மேலோ வைப்பதுபோல அந்தரத்தில் அப்படியே நிறுத்தினாள்.

"பாருங்க, பாருங்க, அண்ணி எனக்குக் கை குடுக்குறாங்க!" என்றான் மாப்பிள்ளை.

அறையே சிரித்தது. அவனும் சிரித்தான். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும்.

கண்ணாடியைக் கழற்றியவள் யாரையும் பார்க்கவில்லை. நேராக அவனிடம் வந்து, காதோரம் மெதுவாகச் சொன்னாள்.

"பெட்டிக்குப் பின்னால நீங்கதானே? ரெண்டு சின்னக் குமிழி வந்துச்சு. அப்புறம் ஒண்ணையுமே காணோம். எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. அதுக்கப்புறம்தான் பெரிசா ஒண்ணு வந்துச்சு."

தூக்கத்தில் அவன் மூச்சு அப்படித்தான். சின்னதாக இரண்டு, கொஞ்சம் நிறுத்தம், பிறகு பெரிதாக ஒன்று. அந்த நிறுத்தத்தில் அவள் விழித்துக்கொண்டு அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். விடிந்ததும் டாக்டரிடம் போகச் சொல்லித் திட்டுவாள். தண்ணீருக்குள்ளும் அப்படியேதான் மூச்சுவிடுகிறோம் என்பது அவனுக்கே தெரியாது.

இதுவரை நாற்பது பேர் பார்த்தாயிற்று. மேடம் நூறு தடவையாவது பார்த்திருப்பாள். எல்லோரும் அவற்றை மாப்பிள்ளையின் குமிழிகள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மேடம் நோட்டோடு வந்து நின்றாள். மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல மேடம், எல்லாம் சுத்தமா இருக்கு. அப்படியே அனுப்புங்க" என்றான்.

மனைவி மறுபடியும் போய் வரிசையின் கடைசியில் நின்றாள்.

அதைக் கவனித்த மாப்பிள்ளை சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். செய்துகொள்ளட்டும் என்று அவன் விட்டுவிட்டான்.