கதவு திறக்கும் வரை

பழங்குடிக் குடியிருப்பின் கடைசி வீட்டு வாசலில், உச்சி வெயிலில், நர்ஸ் கால் மாற்றி மாற்றி நிற்கிறாள். தோளில் தொங்கும் தடுப்பூசிப் பெட்டிக்குள் ஐஸ் கரைந்து தளும்புகிறது. இன்னும் அரை மணி நேரம் தாங்கினாலே பெரிது. போன மாதம் யாரையும் கேட்காமல் உள்ளே நுழைந்து, தூங்கிய குழந்தையைத் தூக்கி ஊசி போட்டவள் இவள்தான். அன்று சாத்திய கதவு இது. இன்று தட்டக்கூடக் கை வரவில்லை. “தப்பு என்னோடதுதாம்மா. நீ கூப்பிட்டா வரேன், இல்லன்னா இங்கேயே நிக்கிறேன்” என்கிறாள். உள்ளே குழந்தை சிணுங்குகிறது. கதவு பாதி திறக்கிறது. “ஆஸ்பத்திரில எங்களை எத்தனை மணி நேரம் நிக்க வெப்பீங்க, தெரியுமா?” என்கிறாள் தாய். நர்ஸ் கைக்கடிகாரத்தின் பக்கம் ஓடும் கண்ணை இழுத்துப் பிடிக்கிறாள். இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்த தாய், முக்காலியை டக்கென்று போடுகிறாள். “உட்காருங்க சிஸ்டர். வந்தவங்களை நிக்க வெச்சு எங்களுக்குப் பழக்கமில்ல.”